பாதி மிதி

என் புருஷனிடம் நான் சொன்ன பொய்களைச் சேர்த்தால் ஒரு கடகம் நிறையும். சீலை விஷயத்தில், தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்த விஷயத்தில், உடைந்த பீங்கானைப் பூனையின் தலையில் கட்டிய விஷயத்தில் என்று எல்லாமே குடும்பம் நடத்தச் சொன்னவை. அவற்றுக்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் ஒரு பொய் இருக்கிறது. ஒரே ஒரு சொல். அதை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கால் கூசும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரிக்காலம். அவர், ஸைனுலாப்தீன், கிண்ணியாவில் கூட்டுறவுச் சங்கத்து லொறி ஓட்டினார். அரிசி மூட்டைகளோடு திருகோணமலை டவுனுக்குப் போவதும், ஹாபரிலிருந்து மாவும் சீனியும் ஏற்றிக்கொண்டு திரும்புவதும்தான் வேலை. அப்போது பாலம் கிடையாது. லொறியையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக் கரை கடத்தும் பெரிய இரும்பு மிதவை ஒன்றுதான் இருந்தது. அதற்கு எங்களூரில் பாதை என்று பேர்.

துறையடியில் தார் றோட்டு முடிகிற இடத்தில் பாதைக்கு இறங்கும் சரிவு தொடங்கும். லொறி தன் பாரம் முழுவதோடும் அந்தச் சரிவில் இறங்கி, பாதையின் பலகையில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். ஆர்மிக்காரர் ஆட்களைச் சோதித்து முதலில் ஏற்றிவிடுவார்கள், வாகனம் பிறகுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், அரசாங்கக் கச்சேரிக்குப் போகிறவர்கள், கோழிக்கூடையோடு பெண்கள் என்று நாற்பது பேருக்குக் குறையாமல் பாதையின் முன்பக்கம் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் லொறி வரும். அவர்களுக்கு முன்னால் ஒரு சங்கிலியும் ஆழத் தண்ணீரும் இருக்கும்.

இவ்வளவு பெரிய லொறியை எது பிடித்து நிறுத்துகிறது என்று கல்யாணமான புதிதில் அவரிடம் கேட்டேன். காற்று என்றார். என்னை மடைச்சி என்று நினைத்துப் பகிடி விடுகிறார் என்று எனக்கு ஏறிவிட்டது. எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். இரண்டு நாள் சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் போனேன். மூன்றாம் நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லொறிக்கு அடியில் படுக்கச் சொன்னார். கிளீனர் அபூதாஹிர் மேலே ஏறிப் பெடலை மிதித்தான்.

சில்லுக்குப் பின்னால் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு இரும்பு இருந்தது. அதிலிருந்து என் பெருவிரல் மொத்தத்தில் ஒரு கோல் டக்கென்று வெளியே வந்தது. ஒன்றரை விரல் அகலம் வந்து நின்றுவிட்டது. அந்தக் கோல் ஒரு கையைத் தள்ளுகிறது, அந்தக் கை ஒரு தண்டைத் திருப்புகிறது, தண்டு உள்ளேயிருக்கும் இரண்டு பிரேக் கட்டைகளை விரித்துச் சுழலும் ட்ரம்மோடு நெரிக்கிறது. கதை அவ்வளவுதான். நாம் உள்ளே இழுத்து வெளியே விடுகிற அதே காற்றைத் தாங்கியில் அடைத்து வைத்திருந்து, வேண்டும்போது திறந்து விடுகிறார்கள். அது ஒன்றரை விரல் தள்ளுகிறது. ஏழு தொன் நின்றுவிடுகிறது. நான் எழும்ப மனமில்லாமல் மண்ணிலேயே மல்லாந்து கிடந்தேன். ஸுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

அன்றைக்கு அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

"கட்டை தேயத் தேய இந்தக் கோல் கூடுதலான தூரம் வரும், புள்ள. ரெண்டு விரல் எல்லை. மூணு விரலுக்கு வந்தா அது போய் முட்டி நிண்டிரும், மறுகா எவ்வளவு மிதிச்சும் வேலையில்ல. ஆனா மிதிக்கிற காலுக்கு அது தெரியாது. காலுக்கு எப்பவும் ஒரே மாதிரித்தான் இருக்கும்."

அதனால்தான் மற்ற ட்றைவர்மார் மாதத்தில் ஒருநாள் பார்க்கிற வேலையை அவர் தினமும் பார்த்தார். சுபஹ் தொழுதுவிட்டு வந்து லொறி உருளாமல் சில்லுகளுக்கு மரக்கட்டை வைப்பார். ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பார். காற்றின் அளவு காட்டும் முள் மேலே ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவார். பிறகு அடியில் புகுந்து, கோலில் வெண்கட்டியால் ஒரு கோடு போடுவார். மேலேயிருந்து ஒருவர் மிதிக்க வேண்டும். கோடு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று விரலை வைத்து அளந்து சத்தமாகச் சொல்வார். கூடினால் இறுக்குவார். கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன் என்பது அவர் பிடிவாதம்.

அபூதாஹிர் சவூதிக்குப் போன பிறகு அந்த மிதி என் தலையில் விழுந்தது. முதல்நாள் அவர் சொன்ன ஒரே பாடம், முழுசாக மிதி என்பதுதான். காற்று முழுதாக வந்தால்தான் கோல் எதுவரை போகும் என்பது தெரியும் என்றார். நான் தலையை ஆட்டினேன். லொறி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தால் வேலிக்கு மேலால் அடுத்த வளவுகள் நாலும் தெரியும், எனக்கு அந்தப் பெருமைதான் பெரிதாக இருந்தது. அவருக்கும் பெருமை. என் பெண்சாதியின் காலுக்கு ஒரு கராஜே சமன் என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லித் திரிந்தாராம்.

எங்கள் ஒழுங்கை முனையில் ஆர்மிக்காரரின் காவல் சென்றி ஒன்று இருந்தது. ஐப்பசியில் அங்கே புது ஆட்கள் மாறி வந்தார்கள். வந்த மறுநாள் காலை, நான் முழுசாக மிதித்துக் காலை எடுத்தேன். தாங்கியிலிருந்து வந்த காற்று வழக்கம்போல ஷ்ஷ்ஷா என்று சீறி வெளியேறியது. அடுத்த நொடி வெடிச் சத்தம் கேட்டது. எங்கள் தென்னையில் ஒரு மட்டை முறிந்து லொறியின் முன்மூக்கில் விழுந்தது. நான் ஆசனத்துக்குக் கீழே சுருண்டுவிட்டேன். ஓடிவந்த பொடியன் பதினெட்டு வயதுகூட இருக்கமாட்டான், சீறலுக்குப் பயந்துதான் சுட்டிருக்கிறான். முக்காட்டோடு ஒரு பெண் லொறிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொல்லித் தலையில் கை வைத்தான். மன்னிப்புத்தான் கேட்டிருப்பான்.

அடுத்த நாளிலிருந்து என் கால் பாதியானது. நித்திரையில் கிடக்கிறவரைத் தாண்டிப் போவதுபோல மெல்ல மிதித்து, மெல்ல விட்டேன். சீறல் இல்லை, வெடியும் இல்லை. கோல் வெளியே வரத்தான் செய்தது. அடியிலிருந்து அவர் ஒன்றேகால் என்றார், நாள் போகப்போக ஒன்றரை என்றார். ஒன்றரை என்றால் நல்லதுதானே? எனக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி, சென்றியில் நின்ற பொடியனுக்கும் நிம்மதி. இதை அவரிடம் சொல்ல வேண்டுமென்றே எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனது.

மார்கழியில் ஒருநாள் விடியற்காலை. அவர் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். நேற்றுப் பாதையில் லொறி வழக்கமான இடத்தைத் தாண்டி ஒரு முழம் ஓடிவிட்டதாம். பாதைக்காரன் சின்னராசா கத்தினானாம். மழையில் பலகை வழுக்கியிருக்கும் என்று தானே காரணமும் சொல்லிக்கொண்டார். பிறகு எழும்பி அடியில் புகுந்தார். நான் மிதித்தேன். முன்சில்லு ஒன்றரை என்றார். பின்சில்லும் ஒன்றரை. மண்ணில் கிடந்தபடியே கேட்டார்.

"புள்ள, முழுசாத்தானே மிதிக்கிறாய்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு மாதமாக ஒரு வெடிகூட விழாமல் அவர் தலையைக் காப்பாற்றி வைத்திருப்பது யார்? என் வேலையிலா சந்தேகம்? அந்தக் கோபத்தில் பாடம் முழுவதும் மறந்துபோனது.

"ஓம். முழுசாத்தான். நம்பாட்டி நீங்களே வந்து மிதிச்சுப் பாருங்க."

அவர் ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு, வெண்கட்டியை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சங்கத்தில் நூறு மூட்டை ஏற்றிக்கொண்டுதான் துறையடிக்குப் போக வேண்டும்.

நான் குசினிக்குள் போனேன். விறகு நனைந்து கிடந்தது. சாம்பல் பறந்து உலையில் விழுமே என்று ஊதுகுழலால் மெல்ல மெல்ல ஊதினேன். புகைதான் வந்தது. கண் எரிந்தது. அவர்மேல் இருந்த கோபம் விறகின்மேல் திரும்பியது. நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதினேன். குப்பென்று தீ பற்றி அடுப்பின் மறுபக்கச் சுவர்வரை எட்டியது. என் மூச்சுத்தான், அதே குழல்தான்.

குழல் என் கையிலேயே இருந்தது. மெல்ல ஊதினால் பாதிவரை. முழுசாக ஊதினால் சுவர்வரை. அப்படியென்றால் அந்தக் கோல் என் பாதி மிதிக்கே ஒன்றரை விரல் வந்திருக்கிறது. முழு மிதிக்கு எங்கே போய் நிற்கும்? காலுக்குத் தெரியாது என்று சொன்னாரே. ரப்பே, அவருடைய காலுக்கும் தெரியாதே. நேற்று ஓடிய ஒரு முழம் மழையால் ஓடியதில்லை என்பது எனக்கு விளங்கியது. மழைக்கும் மணலுக்கும், சென்றிக்குச் சென்றி நின்று நின்று போனதற்கும் கட்டை தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. நான் அதைப் பாதிக்காலால் மூடி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவிடம் உலையைப் பார்த்துக்கொள்ளும்படி வேலிக்கு மேலால் கத்திவிட்டு இறங்கினேன். துறையடி ஒன்றரை மைல். நடுவில் இரண்டு சென்றி. அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், சென்றியடியில் ஓடக்கூடாது. ஓடினால் சுடுவார்கள். நடந்தால் லொறி இறங்கிவிடும். சென்றி கண்ணில் படும்வரை ஓடினேன். கண்ணில் பட்டதும், கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி கையை வீசாமல் நடந்தேன். நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு செருப்பு அறுந்தது, மற்றதையும் கழற்றி எறிந்தேன்.

இரண்டாவது சென்றியில் மறித்துவிட்டார்கள். எங்கே போகிறாய் என்று கேட்பது விளங்கியது, பதில் சொல்லச் சிங்களம் வரவில்லை. லொறி, பிரேக் என்றேன். திரும்பவும் அதையே சொன்னேன். வெறுங்காலால் தரையை மிதித்துக் காட்டி, இல்லை என்று கையை விரித்தேன். அந்த ஆர்மிக்காரர் என் காலையும் என் முகத்தையும் பார்த்தார். பிறகு கம்பை உயர்த்தி, ஓடு என்று கையைக் காட்டினார். துவக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் ஓடியது வாழ்நாளில் அந்த ஒருநாள்தான்.

துறையடியில் ஆட்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். பாதையின் முன்பக்கம் குடைகளும் கூடைகளுமாய் நின்றார்கள். லொறி சரிவின் தலைமாட்டில் எஞ்சின் ஓடியபடி நின்றது. கீழே சின்னராசா வா வா என்று கையை அசைத்தான். லொறி அசையத் தொடங்கியது. நான் குறுக்கே போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

சரிவு தொடங்காத மேட்டில் மெல்ல உருண்டதால் லொறி நின்றது. அவர் தலையை வெளியே நீட்டினார். இத்தனை ஆட்களுக்கு நடுவில் தலைத்துணி நழுவி, வெறுங்காலோடு நிற்கிற என்னைப் பார்த்து அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை நான் கண்டேன்.

"நான் பொய் சொன்னனான்," என்றேன். "பாதிதான் மிதிச்சனான். வெடி விழுந்த நாள் தொட்டுப் பாதிதான்."

அவர் முகத்திலிருந்த கோபம் வடிந்தது. பாதையைப் பார்த்தார். அங்கே நின்ற நாற்பது பேரையும் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தி இறங்கி, நாலு சில்லுக்கும் தானே கட்டை வைத்தார். என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. நேராகப் போய் அங்கே நின்ற ஆர்மிப் பெரியவரிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், காற்றுச் சீறும், பெரிய சத்தம் வரும் என்று விளங்கப்படுத்தினார். பெரியவர் திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். துவக்குகள் நிலத்தைப் பார்த்தன.

"ஏறு," என்றார் என்னிடம்.

துறையடி முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க நான் ஏறினேன். அவர் அடியில் புகுந்தார். மிதி என்ற குரல் வந்ததும் இரண்டு காலையும் வைத்து, ஆசனத்தைவிட்டு எழும்பி, என் பாரம் முழுவதையும் பெடலில் வைத்தேன். அவர் அளக்கும்வரை அப்படியே நின்றேன்.

"மூணு," என்றார்.

அடுத்த சில்லும் மூணு. மற்ற இரண்டும் மூன்றுக்கு மயிரிழை குறைவு. நாலில் ஒன்றுகூட எல்லைக்குள் இல்லை. அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த சின்னராசா திரும்பிப் பாதையின் பலகையைப் பார்த்தான். நேற்றுப் பலகையில் ஓடிய அந்த ஒரு முழத்தை அவனும் மனதில் அளந்திருப்பான்.

நான் காலை எடுத்தேன். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது, கூடைக்குள் கோழிகள் அடித்துக்கொண்டன. யாரும் சுடவில்லை.

பிறகு அவர் வேலையைப் பார்த்தார். ஒவ்வொரு சில்லிலும் இறுக்கும் ஆணியில் ஸ்பானரைப் போட்டு, கட்டை ட்ரம்மில் முட்டும்வரை இறுக்கினார். சுத்தியலால் ட்ரம்மில் தட்டினார். மொத்தையாக ஒரு சத்தம் வந்தது. ஆணியைக் கொஞ்சம் பின்னுக்கு விட்டுத் திரும்பத் தட்டினார். மணிபோலக் கேட்டது. அதுதான் கணக்கு, இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. நாலு சில்லும் ஒவ்வொன்றாக மணியடித்ததைத் துறையடி சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பாதையில் நின்றவர்கள் நேரமாகிவிட்டது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

காற்று முள் மேலே வந்ததும் திரும்பவும் மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. காலையில் கேட்ட அதே எண். அந்தக் கேள்வி வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"புள்ள, முழுசாத்தானே மிதிச்சாய்?"

"ஓம்," என்றேன். காலையில் சொன்ன அதே சொல்தான். வேறு சொல் என்னிடம் இருக்கவில்லை.

சின்னராசா லொறியடியில் குனிந்து அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான். "காக்கா, குறை நினையாதேங்கோ. நான் ஒருக்கா ஏறி மிதிச்சுப் பாக்கட்டோ? இல்லாட்டிச் சனத்தை இறக்கட்டோ?"

அவன் கேட்டதில் பிழையில்லை. அவனுடைய இடத்தில் நான் இருந்தால் கேட்டிருக்கவும் மாட்டேன், என்னைக் கையில் பிடித்து இறக்கியிருப்பேன். கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன் என்கிற மனுஷன், மேலே நான் எப்படி மிதித்தேன் என்பதைக் காணாமல் கீழே கிடந்தார். அவர் வெளியே வந்து சாரத்தில் மண்ணைத் தட்டினார்.

"ரெண்டும் வேணாம், சின்னராசா. அவ ஓம் எண்டா ஓம்தான்."

என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஏறினார். கட்டைகளைச் சின்னராசா எடுத்தான். லொறி சரிவில் இறங்கத் தொடங்கியது. நூறு மூட்டையும் அவரும் அந்த இரும்பும் ஒன்றாகக் கீழே போவதை நான் கரையில் நின்று பார்த்தேன். அழவும் இல்லை, ஓதவும் இல்லை. என் வலது காலை மண்ணில் அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறேன், அது பிறகுதான் எனக்கே தெரிந்தது. பலகையில் முன்சில்லு ஏறியது. பின்சில்லும் ஏறியது. முன்மூக்கு ஒரு தரம் தாழ்ந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான், நின்றுவிட்டது. சின்னராசா கட்டை வைக்க ஒதுக்கிய இடத்தை ஒரு சாண்கூடத் தாண்டவில்லை. முன்னால் நின்ற கோழிக்கூடைக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காற்று ஷ்ஷ்ஷா என்று சீறியது. பாதை கரையைவிட்டு நகர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. அடித்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது, கட்டிப்பிடித்தாலும் இவ்வளவு இனித்திருக்காது. காலையில் பொய்யாய்ப் போன ஒரு சொல்லை மண்ணைத் தட்டித் திரும்ப எடுத்து, அதன்மேல் நாற்பது உயிரை வைத்துவிட்டுப் போகிறாரே இந்த மனுஷன் என்று பாதை அக்கரை சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி நடந்தேன். எங்கள் ஒழுங்கை முனையில், சென்றிக்கு முன்னால் நானாகவே நின்றேன். அந்தப் பொடியன்தான் நின்றான். நாளைக்குக் காலை என்று கையால் காட்டி, காலால் நிலத்தை மிதித்து, ஷ்ஷ்ஷா என்றேன். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தரம் இன்னும் பலமாகச் செய்து காட்டினேன். அவன் சிரித்துவிட்டு, சரி என்று தலையாட்டினான்.